தோளில் சுமக்கும் பின்னுதைப்பற்ற டாங்கி எதிர்ப்பு ஆயுதம் ஏவுகணைக் காலத்திலும் ஏன் தேவைப்படுகிறது?

தக்கலையைச் சேர்ந்த, கல்லூரி என்.சி.சி.யில் இருக்கும் ஒரு தம்பி மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். தோளில் வைத்துச் சுடும் டாங்கி எதிர்ப்புக் குழல் சுடுபவரைப் பின்னுக்குத் தள்ளாமல் இருப்பது எப்படி? ஏவுகணையும் டிரோனும் வந்துவிட்ட பிறகும் காலாட்படை அந்தப் பழைய குழலை ஏன் சுமந்துகொண்டு நடக்கிறது? அதைத் தொடர்ந்து சுடுபவர்களுக்கு மூளை பாதிக்கப்படும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா? மூன்றும் நல்ல கேள்விகள். ஒன்றுக்கான விடை மற்றதற்குள் நீள்வதால் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் காலாட்படையில் பணியாற்றி ஓய்வு பெற்று, நாகர்கோவிலை அடுத்த ஊரில் இருப்பவன். பணிக்காலத்தின் ஒரு பகுதியை 84 மி.மீ. ராக்கெட் லாஞ்சர் குழுவில் கழித்தேன். நம் படையினர் ஆர்.எல். என்று சொல்லும் அந்த ஆயுதம் ஸ்வீடனில் உருவான கார்ல் குஸ்தாவ். வழக்கில் ராக்கெட் லாஞ்சர் என்றாலும், அமைப்பில் அது குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகளை உட்புறம் கொண்ட, பின்னுதைப்பற்ற துப்பாக்கி. இரண்டாம் கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாங்கியை உடைக்கப் பிறந்த இந்த ஆயுதம், டாங்கியை உடைப்பதில் இன்று முதலிடத்தில் இல்லை. ஆனால் பிளட்டூன் என்னும் சிறு காலாட்படைப் பிரிவு யாரிடமும் கேட்காமல், யாருக்கும் காத்திராமல், தன் கையிலிருந்தே உடனடியாகப் பயன்படுத்தக்கூடிய பீரங்கி இது ஒன்றுதான். அந்த இடத்தை ஏவுகணையோ டிரோனோ இன்னும் முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் உதைப்பைப் பார்ப்போம். நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பீரங்கி புதிதல்ல. 1741இல் குளச்சலில் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. சிறைப்பட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படையையே பயிற்றுவித்தார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலையும் இருந்தது. அந்தக் காலத்துப் பீரங்கி ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் சக்கரத்தோடு பின்னால் உருண்டோடும். அதை மீண்டும் தள்ளி வந்து குறி பார்க்க வேண்டும். குண்டு முன்னே போக எவ்வளவு உந்தம் (எடையையும் வேகத்தையும் பெருக்கிய அளவு) பெறுகிறதோ, அதே அளவு உந்தத்தைக் குழல் பின்னோக்கிப் பெறுகிறது. வள்ளத்தின் அணியத்திலிருந்து கரைக்குக் குதிப்பவரின் காலடியில் வள்ளம் பின்னால் நகர்ந்துவிடுவதைக் கடற்கரையில் பார்க்காதவர்கள் நம்மில் இருக்க முடியாது. அதே விதிதான் இங்கும்.

இதையே தோளில் வைத்துக் கணக்குப் பாருங்கள். 84 மி.மீ. ஆயுதத்தின் டாங்கி எதிர்ப்புக் குண்டு இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. குழலை விட்டு விநாடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. சாதாரண 7.62 மி.மீ. துப்பாக்கித் தோட்டாவின் உந்தத்தோடு ஒப்பிட்டால் இது அறுபது மடங்கைத் தாண்டும். இவ்வளவையும் தோள் வாங்கினால், ஆயுதமும் ஆளுமாகச் சேர்ந்து விநாடிக்கு ஐந்து மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் பின்னால் தூக்கி எறியப்படுவார்கள். எலும்பு தாங்காது.

குண்டுக்குக் கொடுக்கும் அதே உந்தத்தை வேறொன்றுக்குப் பின்னோக்கிக் கொடுத்து ஈடுசெய்வதே இதற்கு வழி. அதற்கு முதலில் செயல்வடிவம் கொடுத்தவர் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கிளீலண்ட் டேவிஸ். முதலாம் உலகப்போருக்குச் சற்று முன்பு அவர் வடிவமைத்த பீரங்கி, முன்பக்கம் குண்டையும் பின்பக்கம் அதே எடையில் ஈயச் சிதறல்களும் மசகும் சேர்ந்த கட்டியையும் ஒரே நேரத்தில் தள்ளியது. இரண்டு உந்தங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் நடுவில் இருந்த குழல் அசையாமல் நின்றது. பின்னால் எறியும் பொருள் கட்டியாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பது அடுத்த கட்டம். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவையே குறுகி விரியும் ஒரு வாய் வழியாகப் பின்னே விட்டால், எடை குறைவாக இருந்தாலும் அதன் வேகம் மிக அதிகம் என்பதால் கணக்கு சமமாகிவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மானியரும் அமெரிக்கரும் இந்த வழியில் ஆயுதங்களைச் செய்தார்கள். ஸ்வீடன் 1948இல் தன் படையில் சேர்த்த கார்ல் குஸ்தாவும் இந்த வகைதான். மூன்றாவது வழி ராக்கெட். அதில் தள்ளுவிசை குண்டுக்குள்ளேயே இருப்பதால் குழல் திசைகாட்டும் வேலையை மட்டும் செய்கிறது. அமெரிக்கரின் பஸூக்கா அப்படிப்பட்டது. சோவியத் ஒன்றியம் 1961இல் ஏற்றுக்கொண்ட ஆர்.பி.ஜி.-7 இரண்டையும் கலந்தது. சிறு வெடிமருந்து குண்டைப் பின்னுதைப்பற்ற முறையில் குழலுக்கு வெளியே தள்ளும். சுடுபவரிடமிருந்து சில மீட்டர் விலகிய பிறகு அதன் ராக்கெட் பற்றிக்கொண்டு வேகத்தைக் கூட்டும்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. உதைப்பு எங்கும் மறைந்துபோவதில்லை. அது பின்புறம் திருப்பி விடப்படுகிறது. மருந்தின் பெரும்பகுதி குண்டைத் தள்ளுவதற்குப் பயன்படாமல் பின்வழியே வீணாகிறது. இதனால் அதே வேகத்துக்குச் சாதாரணப் பீரங்கியைவிடப் பல மடங்கு மருந்து வேண்டும். பின்னே நெருப்பும் தூசியும் கல்லும் சேர்ந்து பாயும். சுட்ட இடம் எதிரிக்கு உடனே தெரிந்துவிடும். இந்த ஆயுதத்தின் நன்மைகள் எல்லாம் இந்த ஒரு விலையைக் கொடுத்து வாங்கியவை. எனவேதான் இதைக் கற்றுத்தரும் எந்தப் பயிற்சியாளரும் குறி பார்ப்பதைச் சொல்லித்தரும் முன்பே பின்னால் பார்க்கச் சொல்லித்தருவார்.

கார்ல் குஸ்தாவைச் சுட இருவர் வேண்டும். நம்பர் ஒன் குழலைத் தோளில் ஏந்திக் குறி பார்ப்பார். நம்பர் டூ அவருக்குப் பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி, குண்டுகளோடு இருப்பார். பின்முனையில் உள்ள புனல் வடிவ வாயை நம்பர் டூ பூட்டு நீக்கிப் பக்கவாட்டில் திருப்பித் திறந்து, குண்டை உள்ளே செலுத்தி, மூடிப் பூட்டுகிறார். குண்டின் உறை அலுமினியம். அதன் அடித்தட்டு மட்டும் பிளாஸ்டிக். மருந்து பற்றி அழுத்தம் உயர்ந்ததும் அந்தத் தட்டு உடைந்து வாயுவுக்கு வழி விடும். அடிப்பகுதி இப்படி உடைய வேண்டியிருப்பதால் மற்றத் தோட்டாக்களைப்போல் நடு அடியில் தீப்பொறிக்கான மூடியை வைக்க முடியாது. அது உறையின் பக்கவாட்டில் இருக்கிறது. மூடிப் பூட்டிய பிறகு நம்பர் டூ பின்னே திரும்பி ஆள் இல்லை, சுவர் இல்லை, தன் கால்களும் வாயு பாயும் வழியில் இல்லை என்று கண்ணால் பார்க்கிறார். அதன் பிறகே தயார் என்று நம்பர் ஒன்னின் தலைக்கவசத்தில் தட்டுகிறார். அந்தத் தட்டு விழும்வரை சுடுவிசையில் விரல் வராது. சுட்ட கணத்தில் தோளில் ஒன்றும் தெரியாது. ஆனால் நெஞ்சுக்கூட்டில் பலகையால் அறைந்ததுபோல் ஒரு அழுத்தம் விழும், பற்கள் அதிரும், தூசி அடங்கும்வரை எதிரே ஒன்றும் தெரியாது. பழகியவர்கள் ஒரு நிமிடத்தில் ஆறு குண்டுகள்வரை சுடலாம்.

இனி அந்தக் குண்டு என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். டாங்கியின் பீரங்கி எதிரியின் கவசத்தைத் துளைப்பது வேகத்தினால். தோள் ஆயுதத்துக்கு அந்த வேகம் கிடைக்காது. ஆகவே இது வெடிமருந்தின் முகத்தில் கூம்பாகக் குடைந்து, அந்தக் குழிவுக்குச் செம்பு போன்ற உலோகத் தகட்டை அணிவித்து வைத்திருக்கிறது. வெடிக்கும்போது அந்தத் தகடு உள்நோக்கி நசுங்கி, முனையில் விநாடிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டும் வேகமுள்ள மெல்லிய உலோகத் தாரையாக நீள்கிறது. இந்தத் தாரை இரும்பை உருக்கித் துளைப்பதாகப் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. அந்த அழுத்தத்தில் தகட்டின் உலோகமும் கவசத்தின் உலோகமும் திண்மமாக இருந்தபடியே நீர்மம்போல் விலகி ஓடுவதால்தான் துளை விழுகிறது. குண்டு மெதுவாகப் போனாலும் துளைக்கும் ஆழம் குறையாது என்பதே காலாட்படைக்குக் கிடைத்த பெரிய வரம். ஆனால் குண்டு வேகமாகச் சுழன்றால் தாரை சிதறிவிடும். கார்ல் குஸ்தாவின் குழலிலோ திருகு வரிகள் இருக்கின்றன. ஆகவே அதன் டாங்கி எதிர்ப்புக் குண்டில் வரிகளைப் பற்றும் வளையம் குண்டின்மேல் வழுக்கிச் சுழலும்படி அமைக்கப்பட்டு, குண்டின் சுழற்சி குறைக்கப்படுகிறது. அப்படியானால் வரிகளே எதற்கு என்று கேட்கலாம். மற்ற வகைக் குண்டுகளுக்காக. அந்த மற்ற வகைகளில்தான் இந்த ஆயுதத்தின் ஆயுள் நீண்டதன் காரணம் இருக்கிறது.

டாங்கிக்கு எதிராக இந்தத் தத்துவம் நம் படைக்குப் பெற்றுத்தந்த புகழுக்கு ஹவில்தார் அப்துல் ஹமீதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. 1965 செப்டம்பரில், பாகிஸ்தானுடனான போரின்போது, கேம்கரண் பகுதியின் அசல் உத்தர் போரில், 4ஆவது கிரெனேடியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பின்னுதைப்பற்ற துப்பாக்கியைக் கொண்டு பாட்டன் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தார். அந்தப் போரிலேயே உயிர்நீத்தார். பரம் வீர் சக்கரம் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அது தோளில் சுமக்கும் ஆயுதம் இல்லை, இருநூறு கிலோ எடையுள்ளது. ஆனாலும் இந்தக் குடும்பத்தின் பலமும் பலவீனமும் அவருடைய போரில் ஒருங்கே தெரிகின்றன. ஒரு ஜீப்பால் ஒரு டாங்கியை அழிக்க முடிந்தது. சுட்டவுடன் எழும் புழுதியும் நெருப்பும் காட்டிக்கொடுக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் இடம் மாற வேண்டியிருந்தது.

இன்று நிலைமை வேறு. நவீன டாங்கியின் முன்கவசம் 84 மி.மீ. குண்டு துளைக்கும் ஆழத்தைத் தாண்டிவிட்டது. அதன்மேல் வெடித்துத் தாரையைக் கலைக்கும் செங்கல் போன்ற பெட்டிகளையும் அடுக்குகிறார்கள். அவற்றைச் சமாளிக்க அடுத்தடுத்து இரண்டு வெடிப்புகள் கொண்ட குண்டுகள் வந்திருக்கின்றன என்றாலும், நேருக்கு நேர் நின்று சுடுவது அறிவுடைமை ஆகாது. பக்கவாட்டு, பின்புறம், சக்கரச் சங்கிலி, இலகுரகக் கவச வாகனங்கள் ஆகியவையே நியாயமான இலக்குகள். எட்டும் தூரமும் குறைவு. அசையாத வாகனத்துக்கு ஏறத்தாழ 700 மீட்டர், ஓடும் வாகனத்துக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவு. அமெரிக்கரின் ஜாவலின் ஏவுகணை இரண்டரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இலக்கைத் தானே தொடர்ந்து சென்று, கவசம் மெலிந்த மேற்புறத்தில் இறங்கும். ஸ்வீடனும் பிரிட்டனும் சேர்ந்து செய்த என்லா 20 மீட்டரிலிருந்து 800 மீட்டர்வரை, வாகனத்தின் ஓட்டத்தைக் கணித்துப் பறந்து, மேலிருந்து தாக்கும். 2022இல் உக்ரைனில் ரஷ்யக் கவசப் படைகள் பட்ட அடியில் இவை இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. பிறகு வந்த வெடிகுண்டு டிரோன்கள் அந்த வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. டாங்கியை மட்டும் கணக்கில் வைத்தால், தம்பியின் சந்தேகம் சரியானதே.

ஆனால் காலாட்படை வீரர் ஒருவர் தன் பணிக்காலத்தில் எதிர்கொள்ளக்கூடிய இலக்குகளில் டாங்கி மிகச் சிறிய பகுதி. அவர் முன்னே பெரும்பாலும் இருப்பது கல்லை அடுக்கிக் கட்டிய பங்கர் எனும் பதுங்கு அரண், சுவரின் பின்னிருக்கும் இயந்திரத் துப்பாக்கி, மலைச்சரிவில் மறைந்திருக்கும் நான்கு பேர். கார்கில் போரில், 1999 மே மாத இறுதியில் தோலோலிங் மலையில், ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில், மேஜர் ராஜேஷ் சிங் அதிகாரி தன் ராக்கெட் லாஞ்சர் குழுவை பங்கரை நோக்கிச் சுடச் சொல்லிவிட்டு, அந்த அடியின் மறைவில் பாய்ந்து சென்று உள்ளிருந்தவர்களை நேருக்கு நேர் சந்தித்தார் என்று அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்ட மகாவீர் சக்கர விருதுக் குறிப்பு சொல்கிறது. இந்த ஆயுதத்தின் இன்றைய வேலையை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. அந்தச் சரிவில் அந்த இடத்துக்குப் பீரங்கிப்படையின் குண்டை அழைத்தால் அது நம் ஆட்கள்மேலும் விழக்கூடும். ஏவுகணையைப் பயன்படுத்தினால் பல பத்தாயிரம் டாலர் மதிப்புள்ள கருவி ஒரு கல்சுவருக்குச் செலவாகும், அப்படிப்பட்டவற்றை ஒரு கம்பெனி எத்தனைதான் மலைமேல் சுமக்கும்?

கடலோரத்தில் வாழும் நமக்கு வியப்பளிக்கும் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1982 ஏப்ரல் 3ஆம் நாள், தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவின் கிரிட்விக்கென் துறையில், லெப்டினன்ட் கீத் மில்ஸ் தலைமையிலிருந்த சிறு பிரிட்டிஷ் மரைன் குழு, கரையை நெருங்கிய அர்ஜென்டினாவின் குவெர்ரிகோ என்ற போர்க்கப்பலை 84 மி.மீ. கார்ல் குஸ்தாவால் அடித்துச் சேதப்படுத்தியது. டாங்கிக்காகச் செய்த தோள் ஆயுதம் போர்க்கப்பலைப் பின்வாங்க வைத்ததற்கு நான் அறிந்த சான்று இது ஒன்றே.

மேலே சொன்ன மற்ற வகைக் குண்டுகள் இங்கேதான் பயன்படுகின்றன. ஒரே குழலில் டாங்கி எதிர்ப்புக் குண்டு, ஆட்களின் தலைக்குமேல் காற்றிலேயே வெடித்துச் சிதறும் குண்டு, சுவரைத் துளைத்து உள்ளே சென்று வெடிக்கும் குண்டு, புகைக்குண்டு, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இரவைப் பகலாக்கும் வெளிச்சக் குண்டு என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சுடலாம். ஒருமுறை சுட்டுவிட்டு எறிந்துவிடும் ஏடி-4 போன்ற ஆயுதத்தை ஒவ்வொரு வீரரும் ஒன்று சுமக்கலாம்; அதன் எடை ஏழு கிலோவுக்கும் சற்றுக் குறைவு, பயிற்சியும் எளிது, ஆனால் அதில் இருக்கும் குண்டு எதுவோ அதுதான் கிடைக்கும், நம்பிக்கையாக எட்டுவதும் சுமார் 300 மீட்டர்தான். ஆப்கானிஸ்தானில் எதிரிகள் அதைவிடத் தொலைவிலிருந்து சுடத் தொடங்கியபோது, அதுவரை சிறப்புப் படைகள் மட்டும் வைத்திருந்த கார்ல் குஸ்தாவை அமெரிக்கா 2011 வாக்கில் சாதாரணக் காலாட்படைக்கும் கொடுத்தது இதனால்தான்.

எடை ஒரு காலத்தில் பெரிய குறையாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். முதல் வடிவம் 16 கிலோ. நம் படை நீண்டகாலம் சுமந்த இரண்டாம் வடிவம் 14 கிலோவுக்கு மேல். அதோடு ஒவ்வொரு குண்டும் மூன்று கிலோ அளவு; ஏற்றத்தில் அது உயிரை வாங்கும். 1991இல் வந்த மூன்றாம் வடிவத்தில் மெல்லிய எஃகுக் குழலின்மேல் கார்பன் இழையைச் சுற்றி எடையை 10 கிலோவாகக் குறைத்தார்கள். 2014இல் அறிமுகமான நான்காம் வடிவத்தின் குழலில் எஃகுக்குப் பதில் டைட்டானியம். ஏழு கிலோவுக்கும் குறைவு, நீளம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இலக்கின் தூரத்தைக் கணித்துக் குண்டுக்குத் தகவல் கொடுக்கும் குறிபார்வைக் கருவியும் இதில் இணைகிறது. நம் படையில் 1976 முதல் இருக்கும் இந்த ஆயுதத்தைத் திருச்சியில் உள்ள படைக்கலத் தொழிற்சாலை பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. நான்காம் வடிவத்துக்கென ஸ்வீடனின் சாப் நிறுவனம் ஹரியானாவின் ஜஜ்ஜரில் 2024 மார்ச்சில் தொழிற்சாலை கட்டத் தொடங்கியது.

நகரச் சண்டையில் ஒரு சிக்கல் எழுகிறது. அறைக்குள்ளிருந்து சுட்டால் பின்னே பாயும் வாயு சுவரில் மோதித் திரும்பிச் சுடுபவரையே தாக்கும். இதற்குத் தீர்வாக வந்தவை டேவிஸின் பழைய வழிக்கே திரும்பியிருக்கின்றன. ஜெர்மனியின் ஆர்ம்ப்ருஸ்ட் பின்னால் பிளாஸ்டிக் துகள்களைத் தள்ளியது. சிங்கப்பூரும் இஸ்ரேலும் ஜெர்மனியும் தொடர்புடைய மேட்டடார் ஆயுதமும் இதே வழிதான். ஏடி-4இன் அறைக்குள் சுடும் வடிவத்தில் எதிர் எடையாக இருப்பது உப்புநீர். குளிரில் உறையாமல் இருக்கவே உப்பு. சாமித்தோப்பு உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தனி மகிழ்ச்சி தந்த செய்தி. சுட்டவுடன் அந்த நீர் திவலைகளாகச் சிதறி, பின்னே பாயும் வெப்பத்தையும் வேகத்தையும் விழுங்கிவிடுகிறது. ஆனாலும் பாதுகாப்பு முழுமை அடைவதில்லை. அறையின் அளவு, திறந்திருக்கும் சன்னல் கதவுகள் எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

மூன்றாம் கேள்வியைத் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டிருப்பதுபோல் தெரிகிறது. தயங்க வேண்டியதில்லை, படையில் சேரப்போகிறவர் கேட்டே தீர வேண்டிய கேள்வி அது. கார்ல் குஸ்தாவைச் சுடுபவரின் காதருகே ஒலி 180 டெசிபெல்லைத் தாண்டும். காதைப் பாதுகாக்காமல் ஒரே குண்டைச் சுட்டாலும் கேள்விப்புலன் நிரந்தரமாகக் குறையக்கூடும். ஒலியைத் தாண்டி, அந்த அழுத்த அலை தலைக்குள் செல்வதும், அடிக்கடி பட்டால் தலைவலி, மறதி, கவனக்குறைவு போன்றவற்றோடு தொடர்புடையதாக இருப்பதும் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளாகக் கூர்ந்து ஆராயப்பட்டுவருகின்றன. ஒரு குண்டால் மூளை கெட்டுவிடும் என்பது மிகை; ஆண்டுக்கணக்கில் பயிற்சிக் களத்தில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சியாளர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர், ஏனெனில் ஒவ்வொரு மாணவர் சுடும்போதும் அவர் பக்கத்திலேயே நிற்கிறார். இதை வீரத்தோடு முடிச்சுப்போட்டுப் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2024 ஆகஸ்டில் சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்தத்தை எல்லையாக வைத்து, அதற்கு மேல் போகும் ஆயுதங்களைக் கையாள்பவர்களைக் கண்காணிக்கச் சொன்னது. இவ்வகை ஆயுதங்களை ஒருவர் பயிற்சியில் ஒரு நாளில் எத்தனை முறை சுடலாம் என்பதற்கும் அங்கே வரம்பு உண்டு.

நடைமுறையில் ஒரு நல்ல வழி முன்பிருந்தே இருக்கிறது. பயிற்சியின் பெரும்பகுதியில் முழுக் குண்டைச் சுட வேண்டியதில்லை. கார்ல் குஸ்தாவின் குழலுக்குள் குண்டின் உருவத்திலேயே ஓர் உள்குழலைச் செருகி, அதன் வழியே ஒளிரும் 7.62 மி.மீ. தோட்டாவையோ 20 மி.மீ. பயிற்சிக் குண்டையோ சுடலாம். ஏற்றுவது, பூட்டுவது, பின்னே பார்ப்பது, தட்டுவது, குறி பார்ப்பது எல்லாம் மாறாது; அழுத்தம் மட்டும் பெருமளவு குறையும். தம்பி படையில் சேர்ந்து இந்தக் குழுவுக்கு அனுப்பப்பட்டால், காதுக்குள் செருகும் அடைப்பானையும் அதன்மேல் கவிழ்க்கும் கவசத்தையும் இரண்டையும் சேர்த்தே அணிய வேண்டும். சுட வேண்டிய தன் முறை வராதபோது களத்தில் குழலுக்குப் பக்கவாட்டில் வேடிக்கை பார்த்து நிற்கக் கூடாது. குழலின் வாய்க்கும் பின்புனலுக்கும் எவ்வளவு விலகி இருக்க முடியுமோ அவ்வளவு விலகி இருக்க வேண்டும். சுட்ட நாளில் தலை கனத்தாலோ காதில் இரைச்சல் அடங்காமல் நீடித்தாலோ, அன்றே மருத்துவ அறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.